பெயர் ஒன்று, ஊர் வேறு

ஊர்ப் பெயர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்களில் பலருக்கு ஒரு பலவீனம் உண்டு. தேசப்படத்தின் எங்கோ ஒரு கோடியில் நம் ஊர்ப் பெயரைப் போலவே ஒரு பெயர் கண்ணில் பட்டுவிட்டால் போதும். உடனே கப்பல் ஏறிவிடுவார்கள். நம்மவர்கள் அங்கே போனார்கள், அல்லது அவர்கள் இங்கே வந்தார்கள் என்று இரண்டில் ஒன்று முடிவாகிவிடும். நடுவில் இருக்கிற கடலும் காலமும் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. எழுத்து ஒத்துப்போனால் அர்த்தமும் ஒத்துப்போயிற்று என்பது அவர்கள் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க ரிஷிவந்தியம் வசதியான இடம். ரிஷிவந்தியத்துக்கு அக்கரைச் சீமையில் ஜோடி தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், விருத்தாசலம் ரயில் பாதையில், சின்னசேலம் இருக்கிறது. அதற்குப் பெரியதான சேலமோ, அமெரிக்காவில் பல மாகாணங்களில் தன் பெயரைக் கொண்ட ஊர்களை உடையது. ஜோடி இல்லாத பெயர் ஒன்று, ஜோடி மலிந்த பெயர் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊர்ப் பெயருக்கு அர்த்தம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது சற்றுத் தெளிவாகலாம்.

சேலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம் சேலத்துக்குப் பெயர் வந்த காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. மலை என்று பொருள்படும் 'சைலம்' என்பதே சேலம் ஆயிற்று என்பார் உண்டு. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை என்று சுற்றிலும் மலை சூழ்ந்த ஊரானதால் இது கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. சேரர் நாட்டோடு சேர்த்து 'சேரலம்' என்பார் வேறு சிலர். இதில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எதுவானாலும் அது இந்த மண்ணில் பிறந்த பெயர். அவ்வளவு போதும் இப்போதைக்கு.

அமெரிக்கச் சேலங்களுக்கு மூலம் பைபிள். ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து கொடுத்து ஆசீர்வதிக்கிற மெல்கிசேதேக்கு என்ற ராஜாவின் ஊர் அது. எபிரெயருக்கு எழுதிய நிருபம் அந்தப் பெயருக்குச் சமாதானம் என்றே பொருள் கொள்கிறது. எருசலேம் என்பதன் கடைசிப் பாதியில் நிற்பதும் அதுவே. நம் தெருக்களில் அன்றாடம் காதில் விழுகிற 'சலாம்' என்ற அரபுச் சொல்லும், ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் தார் எஸ் ஸலாமும் அதே வேரில் கிளைத்தவைதான். ஆக, அமெரிக்கச் சேலம் உறவு கொண்டாட வேண்டியது நம் ஊர் சலாமோடு, சேலத்தோடு அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், பைபிளைத் தமிழாக்கியவர்கள் அந்த ஊரைச் 'சாலேம்' என்று எழுதினார்கள். சேலம் என்று எழுதவில்லை. தமிழ்க் காதுக்கும் தமிழ் எழுத்துக்கும் அவை இரண்டு பெயர்கள். அவற்றை ஒன்றாக்கியது ஆங்கில எழுத்து. நம் சேலத்தையும் மெல்கிசேதேக்கின் சாலேமையும் அதே ஐந்து எழுத்தில் அது அடக்கிவிட்டது. அதாவது, இந்தப் பெயர் ஒற்றுமை சேலத்திலும் பிறக்கவில்லை, எருசலேமிலும் பிறக்கவில்லை. இரண்டுக்கும் அந்நியமான மூன்றாவது பாஷையின் காகிதத்தில் பிறந்தது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் அரசாங்கம் ஓர் ஆணை வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். 1018 ஊர்களின் பெயர்களை, தமிழில் ஒலிக்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பது அது. கோயம்புத்தூரும் வேலூரும் ஆங்கில எழுத்தில் நீண்டு வளைந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, கோபித்தவர்கள் உண்டு. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தர்க்கம் இங்கே பயன்படும். சேலத்தை நாம் சொல்கிறபடியே நீட்டி ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அமெரிக்காவோடு உள்ள சொந்தம் அந்த நிமிஷமே அறுந்துபோகும். ஓர் எழுத்தை மாற்றினால் அறுந்துபோகிற சொந்தத்தை வைத்துச் சரித்திரம் எழுதுவது எவ்வளவு துணிச்சலான காரியம்!

இதுவரை சொன்னது பிறப்பைப் பற்றி. பெயருக்குப் பிறப்பு மட்டும் இல்லை, வாழ்க்கையும் உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சேலத்தின் கதையைப் பாருங்கள். அது குடியேறியவர்கள் 1626ல் போய் அமர்ந்த இடம். அங்கிருந்த பூர்வகுடிகள் அந்த இடத்தை நௌம்கீக் என்று அழைத்து வந்தார்கள். 1629ல் அந்தப் பெயரைத் தள்ளிவிட்டுச் சமாதானத்தின் பெயரைச் சூட்டினார்கள். அறுபத்துமூன்று வருஷம் கழித்து, 1692ல், சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி விசாரணை நடத்தி, ஆணும் பெண்ணுமாகப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிழவரின் மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இன்று இங்கிலீஷ் தெரிந்தவன் எவனிடமும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சமாதானம் அவன் நினைவுக்கு வராது. அந்தத் தூக்குமரம்தான் வரும். 1953ல் ஆர்தர் மில்லர் தன் நாட்டில் நடந்த அரசியல் வேட்டையைக் கண்டிக்க ஒரு நாடகம் எழுதினார். அதற்கு அவர் தேடிக்கொண்ட களம் இந்தச் சேலம்தான்.

அங்கேயும் ஒரு சின்னசேலம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பட்டணத்துச் சேலம் வேறு, கிராமத்துச் சேலம் வேறு. குற்றச்சாட்டுகள் கிளம்பியது கிராமத்தில். அந்தக் கிராமம் 1752ல் டான்வர்ஸ் என்ற பெயரோடு தனியே பிரிந்துகொண்டது. பெயரை உதறியவன் பிழைத்தான். வைத்துக்கொண்டவன் தலையில் பழி முழுவதும் விழுந்தது. பிறகு அந்தப் பழியையே பட்டணம் வியாபாரமாக்கிக்கொண்டது. துடைப்பத்தின் மேல் ஏறிப் பறக்கும் சூனியக்காரி இன்று அந்த ஊர்ப் போலீஸ் வண்டியில் சின்னமாக இருக்கிறாள். வேர்ச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆராய்ச்சிக்காரர் இந்தப் பெயருக்குச் சமாதானம் என்று அர்த்தம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அவர் எழுதியது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயரின் கதையை அவர் தொடவே இல்லை.

வட கரோலினாவில் மொரேவியச் சபையார் 1766ல் ஒரு சேலத்தை நிறுவினார்கள். அது 1913ல் அண்டை ஊரான வின்ஸ்டனோடு சேர்ந்து இரட்டைப் பெயர் பெற்றது. அந்த ஊரின் புகையிலைக் கம்பெனி 1956ல் ஒரு சிகரெட்டுக்குச் சேலம் என்று பெயர் வைத்தது. ராஜரிஷியின் ஊர்ப் பெயர் பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயர்கள் இப்படித்தான் நடமாடுகின்றன.

நம் சேலத்துக்கு வேறு வாழ்க்கை. 1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்த நாட்டோடு அது கம்பெனியார் கைக்கு வந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு மாம்பழம் நினைவுக்கு வருகிறது. தறியும் பட்டும் வருகின்றன. கொஞ்சம் வயசானவர்களுக்கு டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் வருகிறது, பிறகு இரும்பாலை. இவற்றில் ஒன்றுக்கும் சைலத்தோடோ சேரலத்தோடோ சம்பந்தமில்லை. ஆனால் ஒரு கதையில் 'சேலத்திலிருந்து வந்திருந்தான்' என்று நான் எழுதினால் வாசகர் மனத்தில் எழுவது இவைதான். கதாசிரியன் பெயரின் வேரை உபயோகிப்பதில்லை. அதன்மேல் படிந்திருக்கிற புழுதியைத்தான் உபயோகிக்கிறான்.

இது வெறும் பேச்சல்ல. கையில் வேலையாக வந்து நிற்கிற பிரச்னை. நத்தானியல் ஹாதார்ன் அந்தச் சேலத்தில் 1804ல் பிறந்தவர். அவருடைய மூதாதை ஒருவர் அந்த விசாரணையில் நீதிபதியாக இருந்தவர். ஹாதார்ன் தன் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிக்கொண்டார். 1850ல் வந்த அவருடைய பெரிய நாவலுக்கு முன்னுரையாக, தான் உத்தியோகம் பார்த்த சேலத்துச் சுங்கச் சாவடியைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். பிடிக்காமல் போனாலும் விட முடியாத சொந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அது சிறந்த ஒன்று. அதைத் தமிழில் கொண்டுவருகிறவர் அந்த ஊரை எப்படி எழுதுவது?

'சேலம்' என்று எழுதினால் வாசகருக்கு முதல் கணம் மாம்பழ வாசனை அடிக்கும். நியூ இங்கிலாந்தின் குளிரும் கறாரான சமயக் கட்டுப்பாடும் அதற்குள் புக முடியாது. 'சாலேம்' என்று எழுதலாம் என்பார் ஒருவர். பெயர் வைத்தவர்கள் பைபிளிலிருந்துதான் எடுத்தார்கள், தமிழ்ப் பைபிளில் அதற்குச் சொல் இருக்கிறது, ஆகவே அதுதான் நியாயம் என்பது அவர் வாதம். வாதம் கெட்டிக்காரத்தனமானது; முடிவு தவறு. அது பெயரின் பிறப்பைக் காட்டும், வாழ்க்கையை மறைத்துவிடும். அந்த ஊரார் தங்கள் ஊரை அப்படிச் சொல்வதும் இல்லை. என் அபிப்பிராயத்தில் 'ஸேலம்' என்று ஒரு கிரந்த எழுத்தைப் போட்டுவிடுவதே உத்தமம். ஸகரம் கூடாது என்று சண்டைக்கு வருகிறவர்கள் ரிஷிவந்தியத்துக்குப் பஸ் ஏறும்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். அந்த ஓர் எழுத்து வாசகரை அரைக் கணம் நிறுத்தி, 'இது வேறு ஊர்' என்று சொல்லிவிடுகிறது. அடிக்குறிப்பு செய்ய வேண்டிய வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

பெயர் ஒன்றாக இருப்பதெல்லாம் தற்செயல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையில் கடல் கடந்து நிற்கிற ஜோடிகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பேச்சு வழக்கில் தின்னவேலி. பொன்னம்பலம் இராமநாதன் 1921ல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி அங்கேதான் எழுந்தது. 1974ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அங்கேதான். பாஷை ஒன்று, எழுத்து ஒன்று, சொல்லின் பொருளும் ஒன்று. இருந்தும் யாழ்ப்பாணத்தான் 'தின்னவேலிச் சந்தை' என்று சொல்லும்போது தாமிரபரணியும் நெல்லையப்பரும் அவன் மனத்தில் இல்லை. சிவந்த மண்ணில் விளைந்த காய்கறிதான் இருக்கிறது. பிறப்பு உறவு உள்ள பெயரே இப்படித் தனிக்குடித்தனம் போய்விடுகிறது என்றால், உறவே இல்லாத பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மதுரையில் இன்னும் சிக்கல். யமுனைக் கரையில் ஒரு மதுரை, வைகைக் கரையில் ஒரு மதுரை. இரண்டாம் நூற்றாண்டில் பூகோளம் எழுதிய தாலமிக்கே இந்தத் தொல்லை இருந்தது. அவர் இரண்டையும் ஒரே விதமாக எழுதிவிட்டு, ஒன்றைத் தெய்வங்களின் ஊர் என்றும் மற்றதைப் பாண்டியனின் அரசிருக்கை என்றும் பிரித்துக் காட்டினார். விஜயனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பிய கதையைச் சொல்லும் மகாவம்சம் நம் ஊரைத் தென்மதுரை என்கிறது. ஆண்டாளோ கண்ணன் ஊரை வடமதுரை என்கிறாள். எவன் எங்கே நிற்கிறானோ, அங்கிருந்து திசை சொல்லுகிறான். பெயரை ஆராய்வதற்கு முன் வழக்கைக் கவனித்தவர்கள் அவர்கள்.

ஜாவாவை ஒட்டி மதுரா என்ற தீவு ஒன்றும் இருக்கிறது. அங்கே மாட்டுப் பந்தயம் பெயர் பெற்றது. நம் ஆராய்ச்சிக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மதுரை, மாடு, விளையாட்டு எல்லாம் கையில் கிடைத்துவிட்டதே! ஆனால் அங்கே நடப்பது ஜோடி மாடுகளைப் பூட்டி, பின்னால் சறுக்குப் பலகையில் ஒருவன் நின்று ஓட்டுகிற பந்தயம். இங்கே அலங்காநல்லூரில் நடப்பது பாய்ந்து வருகிற ஒற்றைக் காளையின் திமிலைத் தழுவுகிற வீரம். இரண்டிலும் மாடு இருக்கிறது என்பதைத் தவிர ஒற்றுமை இல்லை. வடமொழிப் பெயர்கள் அந்தத் தீவுகளுக்குப் போனது உண்மை. சயாமில் 1350ல் அயோத்தியின் பெயரை வைத்து ஒரு தலைநகரமே எழுந்தது உண்மை. அதற்காக அங்குள்ள ஒவ்வொரு மாட்டையும் அலங்காநல்லூரிலிருந்து அனுப்பி வைத்ததாக நினைத்துக்கொள்வது நியாயமில்லை.

இனி ரிஷிவந்தியம்.

ரிஷிகள் வந்தித்த, அதாவது வணங்கிய, தலம் என்பது பெயரின் பொருள். காதால் மட்டும் கேட்கிறவர் ரிஷி வந்த இடம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தேனபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பார்கள். பெயருக்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. இருந்தும் ஒரு கேள்வி கேட்கலாம். ரிஷிகள் வணங்காத தலம் தமிழ்நாட்டில் எது? எந்தத் தல புராணத்தைப் புரட்டினாலும் அகஸ்தியரோ வசிஷ்டரோ வந்து பூஜை பண்ணிவிட்டுப் போயிருப்பார்கள். காரணம் நூறு ஊருக்குப் பொது. பெயர் ஓர் ஊருக்கு மட்டும் நிலைத்திருக்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்று இரண்டு பிரித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. காரண இடுகுறி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தார்கள். முள்ளி என்றால் முள் உடையது. முள் உள்ள செடி எத்தனையோ. ஆனால் வழக்கு ஒன்றைத்தான் முள்ளி என்கிறது. காரணம் கதவைத் திறந்துவிடுகிறது; உள்ளே யார் வந்து உட்காருவது என்பதை வழக்குத்தான் தீர்மானிக்கிறது. ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை என்றே சொல்வேன். ரிஷிவந்தியமும் அதுதான்.

வழக்கு எவ்வளவு அழுத்தமானது என்பதற்கு இந்தப் பிரதேசமே சாட்சி. ரிஷிவந்தியம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஆற்காடு கிடையாது. அது வடக்கே வேறு மாவட்டத்தில் இருந்தது. நவாபின் ராஜ்யத்தை இரண்டாக்கியவர்கள் பெயரையும் இரண்டாக்கிவிட்டுப் போனார்கள். பிறகு விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மேலே தலைப்பு இரண்டு தடவை மாறியும் ஊர் தன் பெயரில் அசையாமல் இருக்கிறது. பெயர் இரட்டித்துப்போனால் ஜனங்கள் தாங்களே சமாளித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். சேலம் இருக்கிறதா, இது சின்னசேலம். மலையே இரண்டாகத் தெரிகிறதா, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். இந்தச் சின்ன, பெரிய, மேல, கீழ எல்லாம் எந்த ஆராய்ச்சிக்காரரும் இட்டவை அல்ல. வழி கேட்பவனுக்கு வழி சொல்ல வேண்டிய அவசியத்தில் பிறந்தவை.

ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' 1946ல் வெளிவந்தது. தமிழில் ஊர்ப் பெயரைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நிலம், குலம், அரசர், தெய்வம் என்று பெயர்களை வகுத்து, கல்வெட்டையும் இலக்கியத்தையும் துணைக்கு அழைத்து, சிதைந்த பெயருக்குள் இருக்கும் மூலத்தை எடுத்துக் காட்டுகிற அழகு அதில் இருக்கிறது. அவர் எழுப்பிய கேள்வி, இந்தப் பெயர் ஏன் வந்தது என்பது. அதற்கு அவர் சொன்ன பதில்கள் பெரும்பாலும் இன்றும் படிக்கத் தகுந்தவை. அவருக்குப் பின் வந்தவர்கள் செய்திருக்க வேண்டியது அடுத்த கேள்வியைக் கேட்பது: வந்த பெயர் பிறகு என்ன ஆயிற்று? யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், எந்த அர்த்தத்தில்? அதைச் செய்யாமல் முதல் கேள்வியையே தூக்கிக்கொண்டு கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஓடிவிட்டார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு என்றால், நமக்குத்தான். வெளிநாட்டுப் பெயரோடு ஒப்பிட்டால்தான் நம் ஊருக்குக் கௌரவம் என்று நினைக்கிறவன், ஒப்பிட முடியாத பெயரை மதிக்க மாட்டான். ஜோடியில்லாத ரிஷிவந்தியம் அவனுக்குச் சுவாரசியமில்லாத ஊர். அதையும்விடச் சிறிய பெயர்கள் இருக்கின்றனவே, வயல் துண்டுக்கு ஒரு பெயர், ஏரியின் மதகுக்கு ஒரு பெயர், மலைமேல் ஒத்தையடிப் பாதை திரும்புகிற பாறைக்கு ஒரு பெயர், அவை அவன் கணக்கிலேயே சேராது. கல்வராயன் மலையில் இருக்கிறவர்களும் கீழே உழுகிறவர்களும் அந்தப் பெயர்களை வாயால் மட்டும் காப்பாற்றி வருகிறார்கள். ஏர் நின்று டிராக்டர் வந்து, வரப்பு அழிந்து மனைக்கல் நட்டால், வயலின் பெயர் போய் பிளாட் நம்பர் வந்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தெரிந்தவர்கள் போனபின் அதைத் தோண்டி எடுக்க ஒரு கல்வெட்டும் இராது.

ஆகவே ஊர்ப் பெயர் ஆராய்ச்சி செய்ய விரும்புகிற இளைஞர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். அகராதியையும் தேசப்படத்தையும் கொஞ்சநாள் மூடி வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கிழவர் ஒருவரோடு ஏரிக்கரை வரைக்கும் போய் வாருங்கள். அவர் ஒவ்வொன்றையும் என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் சொன்னால் அதையும் எழுதுங்கள்; சொல்லாவிட்டால் நீங்கள் ஒன்று கற்பிக்க வேண்டாம்.